புறம்போக்கு என்று எழுதப்பட்ட காடு

கேள்வி இது: "பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டுச் செய்திகளில் பூர்வகுடிகளோடு சேர்த்து 'ஆப்பிரிக்க வம்சாவளியினர்' என்றும் சொல்கிறார்கள். அவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தானே, அமேசான் காட்டுக்குப் பூர்வகுடிகள் இல்லையே? அவர்களுக்கு நிலப் பட்டா கொடுப்பதற்கும் பூமி சூடாவதற்கும் என்ன சம்பந்தம்? இந்தியாவில் அப்படி யாராவது இருக்கிறார்களா?"

"பூர்வகுடிகள் இல்லையே" என்ற இடத்தில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க அரசுகள் பல தலைமுறைகளாக இவர்களிடம் சொன்ன பதிலும் இதேதான்: நீங்கள் வெள்ளைக்காரருக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் இல்லை, ஆகவே நிலம் உங்களுடையது இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன். கொலம்பியாவைச் சற்று விரிவாகவும் மற்ற நாடுகளைச் சுருக்கமாகவும் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் வந்ததும், வந்த பிறகு நடந்ததும் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

கொலம்பியாவின் பசிபிக் பக்கத்தில் சோக்கோ என்றொரு மாநிலம். அதன் தலைநகர் கிப்தோவில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைப் போல ஐந்து மடங்கு. ஸ்பானியர்கள் இங்கே ஆற்று மணலில் தங்கம் அரிக்க ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். சிலர் தப்பி ஓடிக் காட்டுக்குள் ஊர் அமைத்தார்கள். சிலர் ஓய்வு நாட்களில் தமக்கென்று அரித்த தங்கத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். 1851-ல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது நட்டஈடு அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. விடுதலையானவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் அத்ராத்தோ ஆற்றையும் அதன் கிளைகளையும் பிடித்துக்கொண்டு போய்க் கரையோரங்களில் குடியேறினார்கள்.

யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அந்த மழைக்காட்டை வேறு எவரும் விரும்பாத காலம் அது. 1959-ல் கொலம்பிய அரசு ஒரு சட்டம் போட்டு பசிபிக் பகுதியை வனக் காப்பு நிலமாக அறிவித்தது. அரசுக் கோப்பில் அந்த நிலத்துக்குப் பெயர் 'பால்தியோ'. நம் ஊர் வருவாய்த் துறை மொழியில் சொன்னால் புறம்போக்கு. நூறு வருடமாக அங்கே வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தவரின் பெயர் எந்த அடங்கலிலும் இல்லை. புறம்போக்கு என்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர் ஆவார். மரம் வெட்ட அரசிடம் குத்தகை எடுத்து வருகிற கம்பெனி சட்டபூர்வமானதாக இருக்கும். 1980-களில் மர நிறுவனங்கள் நடு அத்ராத்தோவுக்கு அப்படித்தான் வரப் பார்த்தன. அதை எதிர்த்து ஆற்றோர ஊர்கள் 1987-ல் ஒரு விவசாயிகள் சங்கமாகத் திரண்டன. 'ஆசியா' (ACIA) என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சங்கம்தான் பின்னாளில் கொக்கொமாசியா என்ற பெரிய சமூக மன்றமாக வளர்ந்தது.

1991-ல் கொலம்பியா புதிய அரசியல் சாசனம் எழுதியபோது, இந்த ஊர்களின் நெருக்குதலால் தற்காலிகப் பிரிவு 55 என்று ஒன்று உள்ளே நுழைந்தது. அதன்படி 1993 ஆகஸ்டில் சட்டம் 70 பிறந்தது. பசிபிக் ஆற்றோரங்களில் பரம்பரையாக வாழும் கறுப்பினச் சமூகங்களுக்குக் கூட்டுப் பட்டா உண்டு என்பது அதன் சாரம். பட்டா தனி ஆளின் பேரில் வராது, ஊர்கள் சேர்ந்து அமைக்கும் சமூக மன்றத்தின் பேரில் வரும். அந்த நிலத்தை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. எத்தனை வருடம் குடியிருந்தாலும் வெளியாள் அனுபவ பாத்தியம் கோர முடியாது. 1997-ல் கொக்கொமாசியாவுக்கு மட்டும் சுமார் 7 லட்சம் ஹெக்டேர், 120-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சேர்த்து ஒரே பட்டாவாகக் கிடைத்தது. பசிபிக் பகுதி முழுவதும் இப்படி 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கூட்டு நிலமாகியிருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பட்டாவுக்கும், மரங்கள் பிடித்துவைத்திருந்து வெட்டினால் காற்றில் கலக்கும் கரிக்கும் (கார்பன்) என்ன சம்பந்தம்?

அங்கே மக்காச்சோளம் எப்படி விதைக்கிறார்கள் என்று பாருங்கள். உலகின் பல காடுகளில் மரத்தை வெட்டி, காயவைத்து, தீ வைத்து, சாம்பலில் விதைப்பது வழக்கம். சோக்கோவில் அது நடக்காது. வெட்டியது காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆகவே முதலில் புதருக்குள் நடந்துகொண்டே விதையை வீசுகிறார்கள். பிறகு அதன் மேலேயே செடிகொடிகளையும் சிறு மரங்களையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். தழை அழுகி எருவாகிறது, அதைத் துளைத்துக்கொண்டு முளை மேலே வருகிறது. நெருப்பே கிடையாது. ஓரிரு அறுவடைக்குப் பிறகு அந்தத் துண்டைக் காட்டுக்கே திருப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். வீட்டுப் பின்னால் 'அசோத்தெயா' என்ற பரண் இருக்கும்: ஓட்டையாகிப் போன பழைய ஓடத்தில் எறும்புப் புற்று மண்ணை நிரப்பி, கம்புகளின் மேல் தூக்கி வைத்து, அதில் வெங்காயத்தாளும் மூலிகையும் வளர்ப்பார்கள். வெள்ளமும் கோழியும் எட்டாத உயரம். அதைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை ஒரு மரக்கன்றோடு சேர்த்துப் புதைக்கிற வழக்கமும் உண்டு. அந்த மரம் அந்தப் பிள்ளையுடையது.

இதைச் சொல்வது இவர்களைக் காட்டின் முனிவர்களாக்க இல்லை. அந்த மாதிரிக் கட்டுரைகள் எனக்கு அலுப்பைத் தருகின்றன. இவர்களும் மரம் விற்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள், பிள்ளையைப் படிக்கவைக்கப் பணம் தேடுகிறார்கள். வேறுபாடு நிலத்தின் கணக்கில் இருக்கிறது. தனிப் பட்டா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தால் போதும், பத்து ஹெக்டேர் கைமாறிவிடும். வாங்குகிறவர் மாட்டுப் புல் போடுவார். கூட்டுப் பட்டாவில் விற்க வழியே இல்லாததால் காடு துண்டு துண்டாகக் கரைவதில்லை. எந்தப் பக்கம் பயிர், எந்தப் பக்கம் எவரும் வெட்டக் கூடாது என்று மன்றம் தன் விதிகளில் எழுதிவைக்கிறது. மீறுகிறவர் வேறு ஊரில் இருக்கும் முகம் தெரியாதவர் இல்லை, எதிர்க்கரையில் இருப்பவர்தான், கேட்க முடியும்.

இதற்கு எண்களும் உண்டு. பிரேசில், கொலம்பியா, ஈக்வடார், சுரினாம் ஆகிய நான்கு நாடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அங்கீகரிக்கப்பட்ட நிலங்களை எடுத்து 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்நாடுகளின் பரப்பில் இவை சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இதே போன்ற மண், சரிவு, தொலைவு கொண்ட மற்ற நிலங்களோடு ஒப்பிட்டால் இங்கே காடழிப்பு 29 முதல் 55 சதவீதம் வரை குறைவு. 'எட்டாக் கையில் இருப்பதால் தப்பித்தது, அவ்வளவுதான்' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒத்த நிலத்தோடு ஒப்பிட்டார்கள்.

இன்னொரு சான்று கணக்கு இல்லாதது, கொடூரமானது. மக்களை அப்புறப்படுத்தினால் காடு என்ன ஆகிறது என்பது கீழ் அத்ராத்தோவில் நேராகவே நடந்து காட்டப்பட்டது. 1996 டிசம்பரில் அங்கே முதல் கூட்டுப் பட்டாக்கள் தயாராயின. அதே மாதம் 20-ம் தேதி வலதுசாரி ஆயுதக் குழு ரியோசூசியோ ஊருக்குள் புகுந்தது. 1997 பிப்ரவரியில் ராணுவம் 'ஆபரேஷன் ஹெனெசிஸ்' என்ற பெயரில் குண்டு வீசியது. ஆயுதக் குழுக்கள் பக்கவாட்டில் வந்தன. காக்காரிக்கா ஆற்றுப்படுகை ஊர்கள் கிளம்பி ஓடின. இந்த இடப்பெயர்வுக்குக் கொலம்பிய அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. பக்கத்து ஆறுகளான குர்வராதோ, ஹிகுவாமியாந்தோவுக்குப் பட்டா 2000-ல் வந்தது. கையில் பட்டாவோடு திரும்பியவர்கள் கண்டது தங்கள் காடு இருந்த இடத்தில் வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனை. 2002 மே 2 அன்று போஹாயாவில், சண்டைக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஒதுங்கிய மக்கள் மீது கெரில்லாக்கள் எறிந்த எரிவாயு உருளைக் குண்டு விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

ஆகவே பட்டா என்பது காகிதம்தான். கூடவே இன்னொரு ஓட்டையும் உண்டு. பட்டா மேல்மண்ணுக்கு மட்டும், அடிமண் அரசுக்கு. தங்கம் அடிமண்ணில் இருக்கிறது. தங்க விலை ஏறியபோது அத்ராத்தோவின் கிளையாறுகளில் மண்வாரி இயந்திரங்களும் மிதவை அகழ்வான்களும் இறங்கின. கரை சரிந்தது, பாதரசம் மீனுக்குள் போனது. உள்ளூர்க்காரர் சிலரே இயந்திர முதலாளிகளுக்கு இடம் விட்டுப் பங்கு வாங்கியதும் நடந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. சமூக மன்றங்கள் தொடுத்த வழக்கில் 2016 நவம்பரில் கொலம்பிய அரசியல் சாசன நீதிமன்றம் அத்ராத்தோ ஆற்றையே உரிமையுள்ள ஒரு சட்ட ஆளுமையாக அறிவித்து, ஆற்றோர மக்களிலிருந்து காவலர்களை நியமிக்கச் சொன்னது. உலகம் முழுவதும் எழுதிக் கொண்டாடிய தீர்ப்பு அது. அகழ்வான்கள் அதனால் நின்றுவிடவில்லை. சட்டம் 70-ன் சுற்றுச்சூழல், சுரங்கம் பற்றிய அத்தியாயங்களுக்கு நடைமுறை விதிகள் வரவே முப்பது வருடம் ஆயிற்று, 2023-ல்தான் வந்தன.

கௌக்கா மாநிலத்தின் லா தோமா என்ற ஊரிலும் இதே தங்கம்தான் பிரச்சினை. 2014-ல் அங்கிருந்து சுமார் 80 பெண்கள் தலைநகர் பொகோதா வரை நடந்தே போய் உள்துறை அமைச்சகத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் நடந்தவர் பிரான்சியா மார்கெஸ். 2018-ல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது, 2022-ல் நாட்டின் துணை அதிபரானார். அதே நாட்டில்தான் 2023-ல் நிலத்துக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் போராடிய 79 பேர் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் அதுதான்.

சுரினாம் கதை வேறு மாதிரி. அங்கே டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி, காட்டுக்குள் இருந்தே சண்டை போட்டு, வெள்ளையரைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைத்தவர்கள் மரூன்கள். டச்சு அரசு மரூன்களில் இரு பிரிவினரான ந்யூக்காக்களோடு 1760-லும் சரமாக்காக்களோடு 1762-லும் சமாதான ஒப்பந்தம் செய்தது. பிரான்சில் புரட்சி வெடிப்பதற்கே முப்பது வருடம் இருக்கிறது, இவர்கள் விடுதலை ஒப்பந்தம் வாங்கிவிட்டார்கள்! அவர்கள் ஊர்களில் சொல்லப்படும் கதை ஒன்று நெல்லைப் பற்றியது. தோட்டத்தை விட்டு ஓடும்போது பெண்கள் பின்னலுக்குள் நெல்மணிகளை ஒளித்துக்கொண்டு போனார்களாம். சில நெல் ரகங்களுக்கு அப்படிக் கொண்டுபோன மூதாட்டிகளின் பெயரே இன்றும் வழங்குகிறது. கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மரூன்கள் வளர்த்த ஆப்பிரிக்கக் கறுப்பு நெல் ஒன்றின் மரபணுவை ஆராய்ந்தபோது அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் பகுதி நெல்லோடு ஒத்துப்போனது. விதைநெல்லைக் காப்பது என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்த ஒப்பந்தம் 1960-களில் தண்ணீருக்குள் போனது. அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டும் என்று அஃபோபாக்கா அணை கட்டினார்கள். 1,500 சதுர கிலோமீட்டர் காடு மூழ்கியது, சுமார் 6,000 சரமாக்காக்கள் ஊரை இழந்தார்கள். மூழ்கிய மரங்களின் பட்ட முனைகள் இன்றும் நீர்த்தேக்கத்தில் குச்சி குச்சியாக நிற்கின்றன. நீர்மின்சாரம் 'பசுமை' மின்சாரம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். 1990-களில் மிச்சக் காட்டையும் அரசு வெளிநாட்டு மர நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட, சரமாக்காக்கள் வழக்குப் போட்டார்கள். அதே அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தின் 2007 நவம்பர் 28 தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அதில்தான் உங்கள் முதல் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் இருக்கிறது: சரமாக்காக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள் இல்லை, ஆனாலும் தனிப் பண்பாடும் நிலத்தோடு தனி உறவும் கொண்ட பழங்குடிச் சமூகம், ஆகவே பூர்வகுடிகளுக்குள்ள நில உரிமை இவர்களுக்கும் உண்டு, பெரிய திட்டம் எதுவானாலும் முன்கூட்டியே அவர்கள் சம்மதம் பெற வேண்டும். தன் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் காடு என்று மாநாடுகளில் பெருமை பேசுகிற சுரினாம், தீர்ப்பு வந்து பதினைந்து வருடம் கடந்தும் அந்த நில உரிமைச் சட்டத்தை இயற்றவில்லை.

பிரேசிலில் இத்தகைய ஆப்பிரிக்க வம்சாவளி ஊர்களுக்கு கிலோம்போ என்று பெயர். 1888-ல் அடிமை முறை ஒழிவதற்கு 38 வருடம் முன்பே, 1850-ல், அரசு நிலத்தை விலை கொடுத்துத்தான் வாங்க முடியும் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நூறு வருடம் கழித்து 1988 சாசனத்தின் இடைக்காலப் பிரிவு 68 கிலோம்போ மக்களுக்கு நில உரிமை தந்தது. முதல் பட்டா 1995-ல் பாரா மாநிலத்தின் போவா விஸ்தாவுக்குக் கிடைத்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக இவர்களைத் தனியாக எண்ணினார்கள்: சுமார் 13.3 லட்சம் பேர். அவர்களில் முழுப் பட்டா பெற்ற நிலத்தில் வாழ்பவர்கள் 4.3 சதவீதம்.

பட்டா இல்லாதபோது காடு காத்தவருக்கே காட்டுச் சட்டம் எப்படித் திரும்புகிறது என்பதற்கு சாவோ பாவ்லோவுக்குத் தெற்கே உள்ள ரிபெய்ரா பள்ளத்தாக்கைச் சொல்வேன். அட்லாண்டிக் காட்டின் மிகப் பெரிய எச்சம் அங்கேதான் நிற்கிறது, கிலோம்போ ஊர்களும் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. சின்னத் துண்டாக வெட்டி, எரித்து, நெல்லும் மரவள்ளியும் போட்டு, பிறகு பல வருடம் தரிசாக விடுவது அவர்கள் முறை. இதற்கு வனத் துறை அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வந்து சேர்வதற்குள் விதைப்புப் பருவம் போய்விடும். ஓரிரு வருடம் விதைக்காமல் விட்டால் விதையே முளைப்பை இழக்கும். அப்படிப் பாரம்பரிய ரகங்கள் தொலைந்தன. 2018-ல் அதே விவசாய முறையை பிரேசிலின் பண்பாட்டு மரபாக அரசின் இன்னொரு துறை அங்கீகரித்தது.

இனி பணம். காட்டை வெட்டாமல் நிறுத்திவைத்து, காற்றில் கலக்காமல் காத்த கரிக்குப் பணம் வாங்கலாம் என்ற சந்தை வந்தபோது, பட்டா உள்ளவர்களும் இல்லாதவர்களும் இரண்டு வேறு உலகத்தில் இருந்தார்கள். கொலம்பியாவின் பனாமா எல்லையோரம் அகாந்தியில் கொகொமாசூர் என்ற சமூக மன்றத்துக்குச் சுமார் 13,000 ஹெக்டேர் கூட்டுப் பட்டா இருந்தது. 2012-ல் அவர்கள் தங்கள் பேரிலேயே கரித் திட்டத்துக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். வந்த பணத்தில் ஊர்க்காரர்களே சம்பளத்துக்குக் காட்டைச் சுற்றிவந்தார்கள். கரிச் சந்தை நல்லதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு: இங்கே மரம் நிற்கிறது என்று சொல்லி அங்கே விமான நிறுவனம் புகை விடுகிறது. ஆனால் பட்டா இல்லாத ஊர் அந்தச் சந்தேகத்தைக்கூட மேஜையில் வைக்க முடியாது, ஏனென்றால் பேச்சுக்கே அழைக்க மாட்டார்கள்.

அழைப்பிதழில் பெயர் இல்லை என்பதுதான் பன்னாட்டு அரங்கில் நீண்ட காலப் பிரச்சினை. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையில் பூர்வகுடிகள், உள்ளூர்ச் சமூகங்கள், குடிபெயர்ந்தோர் எல்லாரும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் இல்லை. 'உள்ளூர்ச் சமூகம்' என்ற பொதுப் பெயருக்குள் இவர்களும் அடக்கம் என்றார்கள். அப்படி அடங்கினால் நிதி வரும்போது யாரும் தேடி எடுப்பதில்லை. 2024-ல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த பல்லுயிர் மாநாடு இவர்களின் பங்கைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. காலி, கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரம். 2025 நவம்பரில் பெலெமில் காலநிலை மாநாட்டின் முடிவு ஆவணங்களிலும் பெயர் ஏறியது. அங்கேயே பல அரசுகள் சேர்ந்து, பூர்வகுடிகள், உள்ளூர்ச் சமூகங்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆகியோருடைய 16 கோடி ஹெக்டேர் நிலத்தை 2030-க்குள் அங்கீகரிப்பதாக வாக்குக் கொடுத்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண்: 16 நாடுகளில் இச்சமூகங்கள் வாழும் நிலம் 20.5 கோடி ஹெக்டேர் என்று ஒரு வரைபட ஆய்வு கண்டது. அதில் சட்ட அங்கீகாரம் பெற்றது 5 சதவீதம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் உண்டு. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா காடுகளில் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர்தான். அவர்களில் ஒரு பகுதியினரின் முன்னோர் போர்ச்சுகீசிய கோவாவில் அடிமைகளாக இருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் தப்பி வந்தவர்கள், மரூன்களின் கதையேதான். உத்தர கன்னட மாவட்டச் சித்திகளுக்கு 2003-ல் பட்டியல் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது. பெலகாவி, தார்வாட் மாவட்டச் சித்திகள் 2020-ல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

இந்தப் பதினேழு வருட இடைவெளியின் விலை 2006 வன உரிமைச் சட்டத்தில் தெரியும். பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவர் 'மற்ற பாரம்பரிய வனவாசி' என்ற வகையில் வருவார், மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரே வம்சம், ஒரே மலைத்தொடர். மாவட்ட எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த சித்திக்கு ஒரு தேதி, அந்தப் பக்கம் இருந்தவருக்கு முக்கால் நூற்றாண்டு.